ஒரே வீடு, ஒரே நுளம்பு, தம்பிக்கு மட்டும் மூளைக்காய்ச்சல். இது பரம்பரையா?

விசுவமடு அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். மருத்துவம் தெரிஞ்ச ஆக்களும் இந்த வருத்தத்தை வீட்டில கண்ட ஆக்களும் இதில இருக்கிறியள் எண்டபடியால்தான் கேக்கிறன். கொஞ்சம் நீளம், குறை நினைக்காதேங்கோ.

என்ர தம்பிக்கு 25 வயது. போன காலபோகத்தில, மார்கழி மழைக்க, அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தலையிடி, சத்தி. டெங்குவாக்கும் எண்டு இரத்தம் குடுத்துப் பாத்தம், இல்லை எண்டு வந்தது. பிறகு பாத்தா ஆள் மாறாட்டமாக் கதைக்கிறான். அம்மாவைப் பாத்து "ஆர் நீங்கள்" எண்டு கேட்டான். அண்டிரவே வலிப்பு. கிளிநொச்சிக்குக் கொண்டு ஓடினம், அங்கயிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அம்புலன்சில ஏத்தி விட்டவை. முள்ளந்தண்டில நீர் எடுத்து கொழும்புக்கு அனுப்பினதில ஜே.ஈ, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எண்டு உறுதியா வந்தது.

உயிர் தப்பினான். ஆனா முகத்தில சிரிப்பு, கோவம் ஒண்டும் தெரியாது. வலக்கை நடுங்குது. கால் நிலத்தோட உரசித்தான் நடை. லான்ட்மாஸ்டரைத் தனியப் பிடிச்சு உழுதவன், இப்ப சேட்டுப் பொத்தான் பூட்ட அம்மா வேணும். சில நேரம் காரணமில்லாமல் கத்துவான், பிறகு தானே அழுவான்.

இனிக் கேள்விக்கு வாறன். எங்கட வீட்டில அப்பா, அம்மா, நான், என்ர அவர், ரெண்டரை வயது மகள், தங்கச்சி எல்லாரும் ஒண்டா இருக்கிறம். வீட்டுக்குப் பின்னால வாய்க்கால், அதுக்கங்கால வயல். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு முத்தத்தில நிக்கேலாது, அவ்வளவு நுளம்பு. எல்லாரையும்தான் கடிச்சது. தம்பி மட்டும் இடைக்கிட காவல் கொட்டிலிலயும் படுப்பான், காட்டுப்பண்டி வந்து வயலைக் கிண்டாமல் பாக்கிறதுக்கு. எங்களுக்கு ஒரு தடிமன்கூட இல்லை. அவனுக்கு மட்டும் ஏன்?

இதில இன்னொண்டு இருக்கு. அம்மாவின்ர சொந்த இடம் செட்டிகுளம். அம்மாவின்ர தம்பி ஒராள், எனக்கு மாமா முறை, 1987இல எட்டு வயதில காய்ச்சலும் வலிப்பும் வந்து செத்தவர். என்ன வருத்தம் எண்டு அப்ப ஒருத்தரும் சோதிக்கேல்லை. அந்தக் கதை ஊருக்குத் தெரியும். தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் பேசி, குறிப்பும் பொருந்தி, நாள் பாக்கிற அளவுக்கு வந்தது. இப்ப மாப்பிள்ளையின்ர தாய் சொல்லி அனுப்பியிருக்கிறா: "தாய்மாமனுக்கும் வந்தது, பெடியனுக்கும் வந்தது, உங்கட வம்சத்தில மூளைக்காய்ச்சல் ஓடுது." தங்கச்சி அண்டையில இருந்து ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. தம்பி அவளைப் பாத்து "என்னாலதானே" எண்டு கேக்கிறான். அதைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு.

இது இரத்தத்தில வாறதா? என்ர மகளுக்கு ஏதும் சோதிக்க வேணுமா? தெரிஞ்சவை உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. ஆறுதலுக்காக ஒண்டும் சொல்ல வேண்டாம்.

---

பரந்தன் பாலன்:

நுளம்பு கடிச்சு வாற வருத்தம் அக்கா. பரம்பரைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யோசிக்காதேங்கோ.

---

ஆய்வுகூடத் தம்பி:

அக்கா, நான் மருத்துவ ஆய்வுகூடத்தில வேலை செய்யிறன், டொக்டர் இல்லை. பாலன் அண்ணை சொன்னது பெரும்பாலும் சரி. ஆனா நீங்கள் உள்ளதைக் கேட்டபடியால், "ஒரு சம்பந்தமும் இல்லை" எண்டு என்னால எழுதேலாது.

முதல்ல கணக்கைப் பாருங்கோ. ஜே.ஈ வைரஸ் உடம்புக்குள்ள போற ஆக்களில ஏறக்குறைய 250 பேரில ஒருத்தருக்குத்தான் கடும் வருத்தம் வரும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மிச்ச ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது, இல்லாட்டி சாதாரண காய்ச்சலோட போகும். அப்ப ஒரு வீட்டில ஒருத்தருக்கு மட்டும் வந்தது உங்கட வீட்டுக்கெண்டு நடந்த புதினம் இல்லை. இந்த நோய் எங்க வந்தாலும் இப்பிடித்தான் வரும். உங்கட அப்பாவுக்கு எப்பவோ தொற்றி, அவருக்கே தெரியாமல் மாறியிருக்கவும் கூடும். மூளைக்காய்ச்சலா வந்தவையில நூறுக்கு முப்பது பேர் வரை சாகினம். தப்பினவையில நூறுக்கு 30 தொடக்கம் 50 பேருக்கு உங்கட தம்பியைப் போல ஏதோ ஒரு குறை நிக்கும். முகம் அசையாமல் இருக்கிறது, நடுக்கம் எல்லாம் மூளையின்ர நடுப்பகுதியை, அசைவைக் கட்டுப்படுத்திற இடத்தை, இந்த வைரஸ் தேடிப் பிடிக்கிறதால வாறது. கத்துறதும் அழுறதும் அவரின்ர குணம் மாறினதால இல்லை, அதுவும் வருத்தம்தான். அதை அவருக்கும் சொல்லுங்கோ.

அந்த 250இல ஒருத்தர் ஏன் இவர்? இதிலதான் மரபணு வருது.

1930களில அமெரிக்காவில வெப்ஸ்டர் எண்ட விஞ்ஞானி எலிகளை வளர்த்துப் பாத்தவர். ஜே.ஈயின்ர சொந்தக்கார வைரஸ் ஒண்டை ஏத்த, ஒரு பரம்பரை எலிகள் செத்துது, இன்னொரு பரம்பரை தப்பிச்சுது. காரணமான மரபணுவை 2002இலதான் பிடிச்சவை. அதின்ர பேர் ஓ.ஏ.எஸ்.1பி. எங்கட உடம்பில ஓ.ஏ.எஸ் எண்ட புரதங்கள் வைரஸின்ர ஆர்.என்.ஏயைக் கண்டவுடன, அதை வெட்டித் துண்டாக்கிற நொதியத்தை எழுப்பி விடும். சாகிற எலிகளில அந்த ஓ.ஏ.எஸ்.1பி பாதியில அறுந்துபோய் இருந்தது. ஆய்வுகூடத்தில வளர்க்கிற எலியள் கனக்க அப்பிடித்தான்.

மனிசரிலயும் ஆதாரம் இருக்கு, ஆனா கூடுதலா வெஸ்ட் நைல் எண்ட வைரஸில. அதுவும் ஜே.ஈ குடும்பம்தான், பரப்பிறதும் கியூலெக்ஸ் நுளம்புதான். ஐரோப்பிய வம்சாவளி ஆக்களில நூறில ஒருத்தர் அளவுக்கு சி.சி.ஆர்.5 எண்ட மரபணு ரெண்டு பிரதியிலயும் பழுது. அவைக்கு எச்.ஐ.வி லேசில தொத்தாது. ஆனா வெஸ்ட் நைல் வந்து நோய்ப்பட்டவைக்குள்ள இப்பிடியான ஆக்கள் கூடுதலா இருக்கினம் எண்டு 2006இல கண்டவை. நோய் எதிர்ப்புக் கலங்கள் மூளைக்குள்ள போய்ச் சண்டை பிடிக்க அந்த மரபணு வேணும். எங்கட ஆக்களில அந்தப் பழுது மிக அரிது, ஆகவே அதை நினைச்சுப் பயப்படாதேங்கோ.

பிரேசிலில சிக்கா வைரஸ் வந்தபோது இரட்டைப் பிள்ளையளையும் பாத்தவை. ஒரே வயித்தில இருந்த ரெண்டில ஒண்டுக்குத் தலை சிறுத்துது, மற்றதுக்கு ஒண்டுமில்லை. அந்தப் பிள்ளையளின்ர கலங்களில இருந்து நரம்பு மூலக்கலங்களை ஆய்வுகூடத்தில வளர்த்து வைரஸை விட்டா, பாதிக்கப்பட்ட பிள்ளையின்ர கலங்களில வைரஸ் கூடப் பெருகிச்சுது. 2018இல வந்த ஆய்வு. அந்தப் பிள்ளையளுக்குத் தாய் தகப்பன் ஒண்டு, தாயைக் கடிச்ச நுளம்பும் ஒண்டு எண்டதை யோசிச்சுப் பாருங்கோ. ஒரு குடும்பத்துக்குள்ளயே மரபணுக் கலவை ஆளுக்காள் வேற. "வம்சம் முழுக்க" எண்ட கதை அதிலயே நிக்காது.

மரபணு இல்லாத காரணமும் இருக்கு. வைரஸ் வந்தவுடன உடம்பு விடுற முதல் எச்சரிக்கை இன்டர்பெரோன். சில ஆக்களின்ர உடம்பு அந்த இன்டர்பெரோனையே மடக்கிற எதிர்ப்பொருளைச் செய்து வைச்சிருக்கும். வெஸ்ட் நைல் மூளைக்காய்ச்சல் வந்தவையில நூறுக்கு ஏறக்குறைய நாப்பது பேருக்கு அது இருந்தது எண்டு 2023இல வெளிவந்தது. ஆனா அது கூடுதலா வயது போன ஆக்களில.

ஜே.ஈக்கு "இந்த ஒரு மரபணு இருந்தா வரும்" எண்டு சோதிச்சுச் சொல்லுற பரிசோதனை உலகத்தில எங்கயும் இல்லை. மகளுக்குச் சோதிக்க ஒண்டும் இல்லை அக்கா. உங்கட குடும்பத்தில ஆரும் சொந்தத்துக்குள்ள கட்டினவையா? திரும்பத் திரும்ப மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளையள், சின்ன வயதில கடும் தொற்றால செத்த பிள்ளையள் வேற இருக்கினமா? இருந்தா மட்டும் நரம்பியல் டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

---

விசுவமடு அக்கா:

சொந்தத்துக்குள்ள ஒருத்தரும் கட்டேல்லை. அப்பா முள்ளியவளை, அம்மா செட்டிகுளம், கலியாணத்துக்கு முதல் ஆளை ஆள் தெரியாது. மாமாவை விட வேற ஒரு பிள்ளையும் அப்பிடிச் சாகேல்லை. தம்பி, நீங்கள் எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அந்த 250 கணக்கைத் திருப்பி வாசிக்கச் சொன்னவர்.

---

பழைய பி.எச்.ஐ:

பிள்ளை, நான் பி.எச்.ஐயா, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரா, வேலைக்குச் சேர்ந்தது 1980களில, வவுனியாப் பக்கம். இப்ப ஓய்வு. உம்மட மாமாவின்ர வருசத்தைப் பாத்தவுடன எழுத வேணும் எண்டு தோன்றிச்சுது.

1985 கடைசியில அனுராதபுரத்தில ஜே.ஈ பெரிசா வெடிச்சது. இலங்கையில அப்பிடி ஒரு கொள்ளை நோயா அது வந்தது அப்பதான். 1987–88 மாரியில திரும்ப, இன்னும் பெரிசா. நூற்றுக்கணக்கான ஆக்களுக்கு வந்து, கனபேர் செத்தவை, அதில பிள்ளையளும். ஏன் அங்க? புதுசா நீர்ப்பாசனம் வந்து வயல் பெருகினது ஒண்டு. கிராமங்களில பண்டி வளர்ப்பு வந்தது மற்றது. இந்த வைரஸ் இருக்கிறது கொக்கு, நாரை போல நீர்ப்பறவையிலயும் பண்டியிலயும். பண்டியின்ர இரத்தத்தில அது கனக்கப் பெருகும். வயல் தண்ணியில பெருகிற கியூலெக்ஸ் நுளம்பு பண்டியைக் கடிச்சிட்டு மனிசரைக் கடிச்சா முடிஞ்சுது. மனிசரின்ர இரத்தத்தில வைரஸ் கொஞ்சம்தான் நிக்கும், அதால எங்களைக் கடிச்ச நுளம்பு மற்றாளுக்குப் பரப்பாது. உம்மட தம்பியோட ஒரு கோப்பையில சாப்பிட்டாலும் ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. அதை அந்தச் சம்பந்தி வீட்டுக்கும் சொல்லும்.

செட்டிகுளம் எங்க இருக்கு? அனுராதபுரத்தில இருந்து ஓடி வாற அருவியாற்றுப் பக்கம். அந்தக் காலத்தில, அந்த வயதுப் பிள்ளை, காய்ச்சலும் வலிப்பும். சோதிக்காமல் அது ஜே.ஈதான் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா அது ஜே.ஈயா இருந்தா, அந்தப் பிள்ளை அம்பிட்டது அந்த வருசம் பக்கத்து மாவட்டத்தில எரிஞ்சுகொண்டிருந்த நோயில. அதே மாரியில செத்த மற்றப் பிள்ளையள் எல்லாம் உம்மட வம்சமே? தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் பொதுவா இருக்கிறது இரத்தம் மட்டுமில்லை. ரெண்டு பேரும் வயலுக்கு நடுவில, மாரி மழைக்க, நுளம்புக் கடிக்க இருந்தவை. குடும்பத்தில ஒண்டுக்கு மேல வந்தவுடன "பரம்பரை" எண்டுவினம், அந்தக் குடும்பம் பரம்பரையா எங்க குடியிருக்கு எண்டதைப் பாக்கமாட்டினம்.

அதோட, எல்லாரையும் ஒரே மாதிரித்தான் நுளம்பு கடிச்சது எண்டு எழுதியிருக்கிறீர். தம்பி காவல் கொட்டிலில படுத்தவர் எண்டும் எழுதியிருக்கிறீர். கியூலெக்ஸ் கடிக்கிறது பொழுதுபட்ட பிறகும் இராவிலயும், அதுவும் வெளியில. வயலுக்கு நடுவில, நாலு பக்கமும் திறந்த கொட்டில், பக்கத்தில காட்டுப்பண்டி. நீங்கள் வீட்டுக்க வாங்கின கடியும் அவர் அங்க வாங்கின கடியும் ஒண்டில்லை. கொட்டிலுக்கு வலை கொண்டு போறவரோ?

மலேரியாக் காலத்தில வன்னியில மருந்து தோய்ச்ச வலை இல்லாத வீடு குறைவு. 2016இல மலேரியா இல்லாத நாடு எண்டு அறிவிச்ச பிறகு அந்த வலை கோழிக்கூட்டுக்கும் கத்தரிக்கன்றுக்கும் போயிட்டுது. நாங்கள் டெங்குவுக்கெண்டு சிரட்டை, டயர் பொறுக்குறம், அது நல்லது. ஆனா ஜே.ஈ நுளம்பு சிரட்டையில இல்லை, வயலில இருக்கு. வயலை மூடேலாது. அதுக்குத்தான் ஊசி.

ஊசி 1988இல துவங்கினது, நோய் கூடின மாவட்டங்களில முதல். அது பல டோஸ் போட வேண்டிய பழைய ஊசி. 2009இல புது ஊசி, உயிருள்ள வைரஸை வலுக்குறைச்சுச் செய்தது, வந்தது. இப்ப ஒரு வயது முடிஞ்ச பிள்ளைக்குக் கிளினிக்கில போடுறது அதுதான். தம்பி 2000ஆம் ஆண்டளவில பிறந்தவர். அவரின்ர ஊசிக் கார்ட் இருக்கோ?

---

விசுவமடு அக்கா:

இல்லை ஐயா. எங்கட மூண்டு பேரின்ர கார்ட், பிறப்பத்தாட்சி, அம்மாவின்ர கலியாணப் பதிவு எல்லாம் ஒரு சூட்கேசில, கடைசிச் சண்டையில, மாத்தளனில விட்டிட்டு வந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஆருக்கு எந்த ஊசி போட்டது எண்டு அம்மாவுக்கு இப்ப ஞாபகமில்லை. எனக்குப் போட்டதை மட்டும் சொல்லுறா, தம்பியைச் சொல்லத் தெரியேல்லை. கொட்டிலுக்கு வலை கொண்டு போறேல்லை. புகை போட்டிட்டுப் படுப்பான்.

மகளின்ர கார்ட் எடுத்துப் பாத்தன். ஜே.ஈ ஊசி போட்டதுக்கு மிட்வைஃப் அக்காவின்ர கையெழுத்து இருக்கு.

---

பழைய பி.எச்.ஐ:

அப்ப மகளைப் பற்றி யோசனையை விடும். அவவுக்குப் போட்ட ஊசி நல்ல பாதுகாப்புத் தரும். அந்த ஊசி பரவலா வந்த பிறகு பிள்ளையளில ஜே.ஈ எவ்வளவு குறைஞ்சது எண்டு கண்ணால கண்ட ஆள் நான். ஒரு காலத்தில மாரி துவங்கினா வாட்டில மூளைக்காய்ச்சல் பிள்ளையள் வரிசையாக் கிடக்கும்.

---

ஸ்காபரோ மச்சாள்:

சகோதரி, நான் புதுக்குடியிருப்பு, இப்ப கனடா. இங்க எச்சில் அனுப்பி டி.என்.ஏ பாக்கிற கிட் கடையிலயே விக்கினம். காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, தங்கச்சிக்கு ஒண்டு வாங்கி அனுப்பட்டா? ரிசல்ட்டை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டலாம் எல்லோ. அந்தப் பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறா எண்டதை வாசிக்க எனக்கு நித்திரை வரேல்லை.

---

ஆய்வுகூடத் தம்பி:

உங்கட மனசுக்கு நன்றி அக்கா. ஆனா தயவுசெய்து அனுப்பாதேங்கோ. அந்தக் கிட் ஜே.ஈக்கு ஒண்டும் சொல்லாது. சொல்லாதது ஒரு பிரச்சினை. அதை விடப் பெரிய பிரச்சினை, அதில வேற ஏதாவது ஒரு "கூடின அபாயம்" எண்டு ஒரு வரி வரும். எல்லாருக்கும் ஏதாவது ஒண்டு வரும், உங்களுக்கும் எனக்கும் வரும். அதை விளங்கப்படுத்த ஆளில்லாமல் அந்தத் தாள் சம்பந்தி வீட்டு மேசையில கிடந்தா என்ன நடக்கும்? பெண் பிள்ளை தன்ர இரத்தம் சுத்தம் எண்டு தாள் காட்டித்தான் கலியாணம் கட்ட வேணும் எண்ட வழக்கத்தை நாங்கள் துவக்கி வைக்கக் கூடாது. இதில எனக்குக் கோவமே வருது.

சம்பந்தி வீட்டுக்குக் காட்ட ஏதும் வேணுமெண்டா, ஆஸ்பத்திரி குடுத்த நோய் நிர்ணய அட்டை காணும். அதில ஜே.ஈ எண்டு எழுதியிருக்கும். நுளம்பால வாற வைரஸ் எண்டு எந்த டொக்டரும் ரெண்டு நிமிசத்தில சொல்லுவார்.

---

முள்ளியவளை அம்மா:

பிள்ளை, மற்றவை பெரிய விசயம் எல்லாம் எழுதிப்போட்டினம். நான் தாய், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். என்ர மகனுக்கும் சின்னனில மூளைக்காய்ச்சல் வந்தது, அது வேற கிருமி. முதல் வருசம் கரண்டி பிடிக்க மாட்டான். பிஸியோ மிஸ் சொல்லித் தந்த பயிற்சியை ஒரு நாளும் விடேல்லை, இப்ப தானே உடுப்புப் போடுறான், சைக்கிளும் ஓடுறான். உன்ர தம்பிக்கு இன்னும் காலம் இருக்கு. மாதக்கணக்கில, வருசக்கணக்கிலதான் மூளை தேறும்.

வலிப்புக் குளிசையை மட்டும் நல்லாயிட்டுது எண்டு நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ. எங்கட ஊரில ஒரு பிள்ளைக்கு அப்பிடி நிப்பாட்டித் திரும்ப வலிப்பு வந்தது. பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைப் போய்ப் பார், மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்குப் பதியலாம். டொக்டரின்ர அறிக்கை கேப்பினம். அதோட, அவனைச் சும்மா இருத்தாதை. ஒரு கையால செய்யக் கூடிய வேலை குடு. விதைநெல்லில கல்லுப் பொறுக்கட்டும், உன்ர மகளோட விளையாடட்டும். "என்னாலதானே" எண்டு ஒரு பெடியன் கேக்கிறதெண்டா அவனுக்கு நாள் முழுக்க அதை யோசிக்க நேரம் கிடக்கு.

தங்கச்சியின்ர கதைக்கு: உன்ர அப்பாவை அனுப்பு. பொம்பிளையள் போனா கதை வளரும்.

---

விசுவமடு அக்கா:

எல்லாருக்கும் நன்றி எண்டு ஒரு சொல்லில முடிக்கேலாது. நேற்று அப்பா நோய் நிர்ணய அட்டையின்ர போட்டோக்கொப்பியும் கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனவர். பி.எச்.ஐ ஐயா எழுதின 1987 கதையை அவர் தானே சொன்னவராம். அந்த வீட்டுப் பெரியவர் அனுராதபுரத்தில அப்ப ஆமியால பிடிபட்டு இருந்தவர், அந்த மாரியில பிள்ளையள் செத்தது தனக்குத் தெரியும் எண்டு சொன்னவராம். தாய் இன்னும் முகம் குடுக்கேல்லை. மாப்பிள்ளை தங்கச்சிக்குப் போன் எடுத்துக் கதைச்சவர். இனி என்ன நடக்குதோ, அதை அவள் முடிவெடுப்பாள்.

தம்பிக்கு ஆய்வுகூடத் தம்பி எழுதினதை நானே வாசிச்சுக் காட்டினன். எலிக் கதையை ரெண்டாந்தரம் கேட்டான்.

ஐயா, கடைசியா ஒண்டு. பெரிய ஆக்களுக்கும் இந்த ஊசி போடலாமா? அப்பாவும் என்ர அவரும் இனிக் கொட்டிலில மாறி மாறிப் படுக்க வேணும். தங்கச்சிக்கும் போட்டா நல்லதெண்டு அம்மா சொல்லுறா.

---

பழைய பி.எச்.ஐ:

எங்கட கிளினிக் அட்டவணையில அது பிள்ளையளுக்குத்தான். இந்தியாவில அசாம் போல நோய் கூடின மாவட்டங்களில பெரிய ஆக்களுக்கும் போட்டிருக்கினம், ஆகவே வயது ஒரு தடையில்லை. உங்கட எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) டொக்டரிட்ட தம்பியின்ர அட்டையையும் கொண்டு போய்க் கேளும். வீட்டில ஒருத்தருக்கு வந்தது எண்டால் அவருக்கும் அந்தத் தகவல் தேவை, அந்தப் பக்கத்தில ஊசி தவறின பிள்ளையளைத் தேடலாம். வயலில படுக்கிற ரெண்டு பேருக்கும் ஊசி வந்தாலும் வராட்டியும் இண்டைக்கே வலை வாங்கும், கயிறு நாலும் கொட்டில் தூணில நிரந்தரமாக் கட்டி விடும், இல்லாட்டி ஒருத்தரும் கட்டமாட்டினம்.

தங்கச்சிக்குப் போடுறதெண்டா கலியாணத்துக்கு முதலே கேளும். அது உயிருள்ள வைரஸ் ஊசி, கர்ப்பமா இருக்கேக்க போடுறதில்லை.